மூன்றாம் மடை

சேரன்மாதேவி ஒன்றிய அலுவலகத்துக்கு
அன்று நான் போனது போண்டாவுக்காக இல்லை
என்று சாதிக்க முடியாது.
மேலே சுற்றாத விசிறி.
பகுதிநேர நிருபர், மாதப்படி எண்ணூறு ரூபாய்.

சேர்மன் ஆவுடைத்தங்கம் எழுந்தார்.
நாற்பது நிமிடம் பேசினார்.
ஆலடிக்குளத்துக்கு மடை ஐந்து;
மூன்றாவதில் கல் நகர்ந்து கிடக்கிறது;
கரைக்குள்ளே தண்ணீர் எலிவளை மாதிரி
தடம் பிடித்துவிட்டது;
பொதுப்பணித் துறைக்கு மனு பதினொன்று.
பதினொன்றுக்கும் தேதி சொன்னார்,
காகிதத்தைப் பார்க்காமல்.

அத்தனையும் என் நோட்டில் இருந்தது.
சத்தியமாக இருந்தது.

வண்ணார்பேட்டை ஆபீசுக்குப் போன் போட்டேன்.
"மடையை எவன்வே படிப்பான்?
அந்தம்மா என்ன சேலை?"
மயில்கழுத்து, என்றேன்.
நோட்டில் இல்லாத சொல் அது ஒன்றுதான்.
கேட்ட மாத்திரத்தில் வாய்க்கு வந்துவிட்டது.

மறுநாள் மூன்றாம் பக்கம், கலரில்:
'மயில்கழுத்துப் பட்டில் வந்து மல்லுக்கட்டிய சேர்மன்!'
தொழிலதிபர் மூக்காண்டியின் மனைவியான இவர்
குரல் தழுதழுக்க, என்று போகும்.
தழுதழுக்கவில்லை.
ஒரு தடவை இருமினார்.
மூக்காண்டிக்குத் தொழில் ஒரு உரக்கடை.
படத்தில் வாய் திறந்தபடி, கை உயர்ந்தபடி;
கீழே 'கைநீட்டி ஆவேசம்'.

பக்கத்துப் பத்தியில் துணைத் தலைவர் பிரமநாயகம்.
'வளர்ச்சிப் பணிகள்: அதிரடி விளக்கம்'.
அவர் பேசியது நான்கு நிமிடம்,
அதில் இரண்டு, டீ ஆறிப்போனதைப் பற்றி.
வேட்டிக்கு என்ன கரை?
ஆபீசில் கேட்கவில்லை.
எனக்கும் ஞாபகம் இல்லை.

காலையில் போன் வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன்.
"அண்ணாச்சி, அது பட்டு இல்ல, பாலியெஸ்டர்.
டவுன்ல நானூத்தம்பதுக்கு எடுத்தது.
திருத்தம் போடுவியளா?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"மடையை எங்க விட்டிய?"

அதற்கப்புறம் எல்லாக் கூட்டத்துக்கும்
ஒரே சாம்பல் நிறச் சேலையில் வந்தார்.
அதையும் எழுதினோம்:
'எளிமைக்கு மாறினார் சேர்மன்'.

அடுத்த தேர்தலில் அவர் இல்லை.
அதற்கடுத்த கார்த்திகையில்
நாலு நாள் விடாத மழை.
அஞ்சாம் நாள் விடியப்போகிற நேரத்தில்
மூன்றாம் மடை போனது.
வாழை முன்னூறு ஏக்கர்,
ஆடு பதினேழு, கீழத்தெருவில் ஒரு வரிசை வீடு.
ஆள்சேதம் இல்லை என்று எழுதினேன்;
அந்த வரியை எழுதும்போது கை நின்று நின்று போனது.

விசாரணைக்கு வந்த அதிகாரி சொன்னார்,
முன்கூட்டி யாரும் தெரிவிக்கவில்லை என்று.
மனுக்கள் பதினொன்றும் எந்தக் கோப்பிலும் இல்லை.

ஆவுடைத்தங்கம் ஆபீஸ் படியேறி வந்தார்.
முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.
"அன்னைக்கு நான் பேசுனது அச்சில இருக்கும்லா?"

பழைய பேப்பர்க் கட்டைப் பிரித்தோம்.
அந்தத் தேதி. அந்தப் பக்கம்.
விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்,
முதலிலிருந்து ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை.
குளம் இல்லை. மடை இல்லை.
மயில்கழுத்து மட்டும்
நேற்று நனைத்த சாயம் போல மங்காமல் இருந்தது.

"ஒங்க நோட்டு?"
வீடு மாறும்போது எடைக்குப் போட்டாயிற்று.
சொல்லவில்லை. தெரிந்துகொண்டார்.

பிறகு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.
ஆவேசம் என்று நாங்கள் எழுதிய அந்தக் கையில்
சுண்டுவிரலும் கட்டைவிரலும் மடங்கியிருந்தன.
நிமிர்ந்து நின்றவை மூன்று.

"இது போதும்," என்றார்.
போதுமா என்று எனக்குத் தெரியாது.

ஜங்ஷன் ஜெராக்ஸ் கடைவரை கூடவே நடந்தேன்.
கடைக்காரப் பையன் கேட்டான், கலரா, பிளாக் அன் ஒயிட்டா.
என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே
அவனுக்குப் பதில் சொன்னார்:
"கலர் வேண்டாம்டே."